டலஸ் சதுக்கத்தில் இடம்பிடித்த பை

கடந்த வருடம், குளிர் தொடங்கியிருந்த நேரம். மகளைப் பார்க்க நானும் கணவரும் நிந்தவூரிலிருந்து அமெரிக்காவின் டலஸ் நகருக்குப் போயிருந்தோம். அறுபது வருடங்களுக்கு முன் அந்நாட்டு ஜனாதிபதி ஒருவரைச் சுட்டுக் கொன்ற சதுக்கம் அங்கேதான் இருக்கிறது. சுட்டவன் நின்றதாகச் சொல்லப்படும் மாடி இப்போது அந்தக் காலத்துப் படங்களும் பொருட்களும் வைத்திருக்கிற நூதனசாலை. "வாப்பாவுக்குச் சரித்திரம் எண்டா உசிரு, காட்டாம அனுப்ப மாட்டன்" என்று மகள் கூட்டிக்கொண்டு போனாள்.

உள்ளே போக இன்னும் நேரம் இருந்தது. என் கணவர், இவருக்கு முழங்கால் வலி. புல்தரையோரம் நிழலில் நாலு பேர் உட்காரக்கூடிய ஒரு வாங்கு. அதன் ஒரு முனையில் வயதான கறுப்பினப் பெண் ஒருவர் இருந்தார். ரோட்டில் குண்டு பட்ட இடத்தில் பெருக்கல் குறி மாதிரி வெள்ளைப் புள்ளடி போட்டிருக்கிறது என்று மகள் சொன்னதும், அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று இவர் அடம்பிடித்தார். திரும்பி வந்தால் இருக்க இடம் வேண்டுமே! ஜன்னலுக்குள்ளால் பையைப் போட்டு பஸ்ஸில் சீட் பிடிக்கிற பழக்கம் எங்கே போகும்? என் கறுப்புப் பையை வாங்கில் வைத்து, அந்தப் பெண்ணிடம் கையால் சாடை காட்டிவிட்டு, முன்னால் போய்விட்ட இருவருக்கும் பின்னால் நடந்தேன்.

பார்த்துவிட்டுத் திரும்பினால், வாங்கைச் சுற்றி ஆட்கள் விலகி நிற்கிறார்கள். இரண்டு பொலிஸ்காரர்கள்.

"உம்மா, பேக் எங்க?"

"அங்கதான், இடம் புடிச்சி வச்சிட்டு வந்தன்."

"யா அல்லாஹ்! இது என்ன கல்முனை பஸ்ஸா?" மகளின் முகம் வெளிறிப்போய்விட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜனாதிபதியையே சுட்ட இடம், ஆளில்லாத பை, அபாயா போட்ட நான். எங்கள் நாட்டுத் தேவாலயங்களில் உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்த பிறகு, பையோடும் அபாயாவோடும் போனால் எப்படிப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாதா? எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை, மகளின் விசாவில் கை வைத்துவிட்டால்? எவ்வளவு அலைந்து எடுத்த வேலை! என் புத்தியில்லாத வேலையால் எல்லாம் போய்விடுமோ?

பையை எடுக்க ஓடப் பார்த்தேன். மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "ஓடாதீங்க உம்மா! கைய வெளியில வச்சிட்டு மெதுவா வாங்க. நான் கதைக்கிறன்." இவர் ஓதிக்கொண்டே வந்தார்.

கிட்டப் போனபோதுதான் கண்டேன். எல்லாரும் விலகிவிட்ட வாங்கில் அந்தப் பெண் மட்டும் அப்படியே இருந்தார். பொலிஸ்காரர் எழும்பச் சொல்ல, அவர் எங்களைக் காட்டிச் சத்தமாக ஏதோ சொன்னார்.

"அந்தப் பொம்புள என்கிட்ட பேகப் பாத்துக்கச் சொல்லிட்டுத்தான் போனா, வருவா எண்டு சொல்றாங்க உம்மா" என்றாள் மகள்.

பையை என்னையே திறக்கச் சொன்னார்கள். உள்ளே பாஸ்போட்டுகள், இவருடைய முழங்கால் வலிக் குளிசைகள், ஈயத்தாளில் சுற்றிய ரொட்டியும் சம்பலும். இனிமேல் பையை விட்டுப் போகாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர்கள் நகர்ந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்! அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். ரொட்டியில் பாதியை நீட்ட, மறுக்காமல் வாங்கித் தின்றார். சம்பல் உறைத்துக் கண் கலங்கியும் சிரித்தார்.

நூதனசாலையில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் ஒன்றும் ஞாபகமில்லை. அந்தப் பயங்கர நாட்களில் எங்கள் ஊர் பஸ்ஸில் ஆளில்லாத பையைக் கண்டிருந்தால், முதல் ஆளாக இறங்கி ஓடியிருப்பேன் நான். என் பெயரும் தெரியாமல், பாஷையும் தெரியாமல், எழும்பச் சொல்லியும் எழும்பாமல் என் பைக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்தாரே, அவரைத்தான் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.