அம்முலுவைத் திட்டில் விட்டுவிட்டு வந்தோம்

அம்முலுவுக்கு ஓய்வு வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. எனக்குத் தோன்றியிருந்தாலும், அதை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று அவளையேதான் போய்க் கேட்டிருப்பேன்.

எங்கள் நடவு செட்டுக்கு அவள்தான் தலை. உத்திரமேரூரைச் சுற்றி யார் கழனியில் நாற்று நட வேண்டுமென்றாலும் அவள் நம்பருக்குத்தான் போன் போடுவார்கள். எத்தனை பேர், எந்தக் குட்டியானை வண்டி, யாருக்கு உடம்பு சரியில்லை, அவளுக்குப் பதில் யார், எல்லாம் அவள் தலைக்குள் இருக்கும். நடவு இல்லாத நாளிலும் அந்த போன் அடங்காது. கல்யாண வீட்டுக்கு அண்டா வேண்டுமா, அம்முலு. செட்டில் சுதா வீட்டில் சண்டையா, அம்முலு. பிள்ளைக்கு ஜுரம் என்றால்கூட, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் அம்முலு.

மத்தியானம் வரப்பில் சோறு பிரித்தால் எல்லோருக்கும் குழம்பு ஊற்றிவிட்டுக் கடைசியில் உட்காருவாள். அவள் உட்காரும் நேரம் பார்த்து போன் அடிக்கும். ஒரு கையில் சோறு, ஒரு கையில் போன். அவள் சூடாக ஒரு வாய் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் நான் பக்கத்து வீட்டுக்காரி.

அவள் புருஷன் வேதகிரி அப்படியே நேர்மாறு. வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பிறந்தவன். போன் என்றால் பாம்பைக் கண்டதுபோல ஒதுங்குவான். எங்கள் ஏரியை மீன் குத்தகைக்கு எடுத்தவரிடம் அவனுக்குக் காவல் வேலை. ஏரி நிரம்பினால் நடுவில் இருக்கும் மேடு தீவாகிவிடும். நாங்கள் அதைத் திட்டு என்போம். நாலைந்து பனை, ஒரு வேம்பு, ஒரு ஓலைக் கொட்டாய். கரண்டு கிடையாது, கடை கிடையாது. லாரி டியூப்பின் மேல் பலகை கட்டித் துழாவிக்கொண்டுதான் போக வேண்டும். தண்ணீர் இறங்கும்வரை வேதகிரிக்கு அங்கேதான் படுக்கை.

இந்த மார்கழியில் ஏரி நிரம்பிக் கோடி போயிற்று. கலங்கல் தாண்டித் தண்ணீர் வழிவதைப் பார்க்க ஊரே கரைமேல் நின்றது. இனித் தை பிறந்தால் நவரை நடவு. முதுகு நிமிர முடியாது. அன்றைக்கு அம்முலு தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றவள், வேதகிரியிடம் சொன்னாள்.

"நாலு நாளு காவலுக்கு நான் போறேன். நீ வூட்ல கிட. இந்த போனையும் நீயே வச்சுக்கோ."

இன்னாத்துக்கு என்று கேட்டான்.

"யாரும் என்னைக் கூப்புடாம கொஞ்ச நாளு இருக்கணும். அவ்ளோதான்."

மறுநாள் அரிசி, உப்பு, மிளகாய்த்தூள், மாற்றுப் புடவை ஒன்றோடு போய்விட்டாள். அவர்களுக்குள் சண்டை என்று சுதா கிளப்பிவிட்டாள். நானும் கொஞ்சம் நம்பினேன். ஓய்வு எடுக்கத்தான் போயிருக்கிறாள் என்பதை நம்புவது எங்களுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

திட்டில் என்ன செய்தாள் என்பதை அவளே பிற்பாடு சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடம். முதல் நாள் முழுக்கத் தூங்கினாள். அப்புறம் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, நீர்க்காகம் முங்குவதையும் அது எங்கே எழும் என்பதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜிலேபி மீன் சுட்டாள். திருட்டு வலை போட வந்த இரண்டு பேர் அவள் போட்ட சத்தத்தில் வலையை விட்டுவிட்டே ஓடினார்கள். வேலையில் குறை வைக்கிறவள் இல்லை. நடவுப் பாட்டு ஒன்றை அடிமுதல் நுனிவரை பாடி முடித்தாள். அதற்கு முன் அந்தப் பாட்டு ஒருநாளும் முடிந்ததில்லை, நடுவில் போன் வந்துவிடும்.

இங்கே வேதகிரி பாடு திண்டாட்டம். முதல் நாள் அவன் போனை எடுக்கவே இல்லை. எடுக்காததால் ஆட்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அதற்கு இது தேவலை என்று மறுநாள் எடுத்தான். பெரிய கழனிக்காரர் முத்துவேல் மட்டும், தையில் நடவுக்கு ஆள் உறுதிதானா என்று காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், பொழுது சாய ஒரு தரம். நான் குழம்பு கொடுக்கப் போனபோது தலையில் கை வைத்துக்கொண்டு குந்தியிருந்தான்.

"இத்தினி பேரா இவளைக் கூப்புடறாங்க? பேஜாரா கீது கனகா. எப்டித்தான் தாங்கறாளோ."

அவர்களுக்குக் கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் சேர்ந்தாற்போலப் பேசியது அதுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. அந்தக் கூப்பிடுகிறவர்களில் நானும் ஒருத்திதானே.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் வேதகிரி தெருவே அதிரக் கத்திக்கொண்டு ஓடி வந்தான். திட்டில் சிவப்பு தெரிகிறதாம்.

எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம். ஆடு மேய்க்கப் போனவர்கள் தண்ணீர் ஏறித் திட்டில் மாட்டிக்கொண்டால், பனையில் சிவப்புத் துணியைக் கட்டுவார்கள். கரையில் எவன் பார்த்தாலும் போட்டது போட்டபடி போய்க் கூட்டிவர வேண்டும். பாம்புதான் என்று சுதா அழ ஆரம்பித்தாள். ஊரில் இருந்த டியூப் அத்தனையும் ஏரிக்குள் இறங்கியது. எங்கள் செட்டில் இளையவளான ஏஞ்சல், அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பிரியாணித் தேக்சாவைக் கீழே வைக்க மறந்து, துணி சுற்றிய தேக்சாவோடே டியூப்பில் ஏறி உட்கார்ந்திருந்தாள். பாதி ஏரியில்தான் அதைக் கவனித்தோம்.

நாங்கள் நெருங்கும்போது திட்டிலிருந்து பாட்டு கேட்டது. அம்முலு தண்ணீரில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். பின்னால் இரண்டு பனைக்கு நடுவே, போன வருஷம் மேல்மருவத்தூருக்கு மாலை போட்டபோது எடுத்த சிவப்புப் புடவை நீளமாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"இன்னாடி எல்லாரும் வந்துக்கினு கீறீங்க?" என்றவள் எங்கள் கண் போன இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, மறந்தே பூட்டேன்."

எதையும் மறக்காத அம்முலு மறந்துவிட்டாள். எங்களுக்கு வந்த சிரிப்பில் சுதா டியூப்பிலிருந்து தண்ணீரில் விழுந்தாள்.

சிரித்து ஓய்ந்ததும் அம்முலு கரையேறினாள். எங்கள் முகங்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு கொட்டாய்க்குள் போய்த் தட்டுமுட்டுச் சாமானை மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

"சரி, வரேன். யாருக்கு இன்னா வோணும், சொல்லுங்க."

அவளுக்கு இன்னும் ஒருநாள் பாக்கி இருந்தது. நாங்கள் எட்டுப் பேர் வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு நின்றோம்.

வேதகிரிதான் அசைந்தான். தண்ணீரில் இறங்கித் தாமரை இலை ஒன்றைப் பறித்து அலசி வேம்பின் அடியில் போட்டான். அவள் கையிலிருந்த மூட்டையை வாங்கி ஓரமாக வைத்தான்.

"குந்து" என்றான்.

ஏஞ்சல் தேக்சாவைத் திறந்தாள். ஆவி மேலே எழுந்தது. முதல் கரண்டி அம்முலுவின் இலையில் விழுந்தது. எங்களுக்குப் பரிமாற அவள் எழுந்தாள். நான் தோளை அழுத்தி உட்கார வைத்தேன். மறுபடியும் எழுந்தாள், மறுபடியும் அழுத்தினேன். மூன்றாவது தரம் அவளே சிரித்துவிட்டு இலையில் கை வைத்தாள். சூடு பொறுக்காமல் விரலை ஊதிக்கொண்டாள்.

அப்போது வேதகிரியின் மடியில் பிளாஸ்டிக் பைக்குள் போன் அடித்தது. அம்முலுவின் இடது கை தானாக நீண்டது. அவன் இரண்டடி தள்ளிப் போய் அதைக் காதில் வைத்தான். முத்துவேல்தான்.

"அவ சாப்ட்டுக்கினு கீறாண்ணா" என்றான் வேதகிரி. "அப்பறமா கூப்புடுங்க."

போனை அணைத்து மடியில் செருகினான். அம்முலு அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. காரம் அதிகம் என்று ஏஞ்சலைத் திட்டிவிட்டு அடுத்த வாய் எடுத்தாள்.

பொழுது சாய நாங்கள் மட்டும் கிளம்பினோம். புறப்படும் முன் வேதகிரி அந்தச் சிவப்புப் புடவையை அவிழ்த்து, கரையிலிருந்து தெரியாதபடி கொட்டாய்க்குப் பின்னால் காயப்போட்டுவிட்டு வந்தான்.