சர்வேயர் வேதாசலமும் எல்லை மீறிய பீர்க்கங்கொடியும்

மாடம்பாக்கம் அன்னபூரணி நகரில் 2007-ஆம் ஆண்டு வரை யாருக்கும் யாருடனும் பகை கிடையாது. பகைத்துக்கொள்ள வேண்டுமென்றால் முதலில் அறிமுகமாவது வேண்டுமே! நூற்றுப் பத்து வீடுகள், நூற்றுப் பத்து காம்பவுண்டுச் சுவர்கள். எல்லாக் கேட்டிலும் 'நாய்கள் ஜாக்கிரதை' பலகை. உண்மையில் நாய் இருந்தது ஆறே வீட்டில்தான்.

இந்த அமைதிக்கு நடுவேதான் வேதாசலம் ஓய்வுக்காலத்தைக் கழித்து வந்தார். நில அளவைத் துறையில் முப்பத்து மூன்று வருடம் சர்வேயராக இருந்து, செங்கல்பட்டு மாவட்டத்தில் அண்ணன் தம்பிகளை முறைப்படி பிரித்து வைத்தவர். மனைவி காலமாகி நான்கு வருடம் ஆகிறது. கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து, "சாப்டீங்களாப்பா?" என்பாள். "ஆச்சும்மா" என்பார். சில வாரங்களில் அவர் வாயிலிருந்து வந்த மொத்தப் பேச்சே அவ்வளவுதான்.

ஜூலை மாதம் டாக்டர் தீபலட்சுமி அவருடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஃபாஸ்டிங்லயே இருநூத்திப் பத்து அங்கிள். மூணு மாசம் டைம் தரேன். வேர்வை வர்ற மாதிரி ஏதாவது வேலை செய்ங்க. குறையலேன்னா இன்சுலின்தான். தினம் காலைல நீங்களே வயித்துல போட்டுக்கணும்."

டாக்டர் கேட்ட வேர்வை அங்கேயே வந்துவிட்டது. பணியில் இருந்தபோது காலரா ஊசி முகாமில், முன்னால் நின்றவருக்கு ஊசி போடுவதைப் பார்த்தே மயங்கி விழுந்தவர் வேதாசலம். அப்போது தாங்கிப் பிடிக்க ஒரு ஆபீசே இருந்தது. இப்போது விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை போன் வரும்வரை கிடக்க வேண்டியதுதான்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அதே நகரில் குடியிருந்த பேபி டீச்சர் சிங்கப்பூரில் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கிவிட்டு, கையில் விதைப் பொட்டலங்களுடனும் வாய் நிறைய கம்யூனிட்டி கார்டனுடனும் திரும்பி வந்தார். நகரில் பூங்காவுக்கென்று விட்ட இடம் பதினைந்து வருடமாகக் குப்பைக்கும் எருமைகளுக்கும் பூங்காவாக இருந்தது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் டீச்சர் எழுந்து, எல்லோரும் அங்கே சேர்ந்து காய்கறி போட்டால் உடம்பு தேறும், மனசு லேசாகும், ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியும் என்றார். பதினேழு குடும்பங்கள் பெயர் கொடுத்தன. வேதாசலத்தின் பெயர் முதல் பெயர்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவர்தான் எழுந்து ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லை எங்க?"

"பொதுத் தோட்டம் சார், எல்லாருக்கும் பொதுதானே?" என்றார் டீச்சர்.

"எல்லாருக்கும்னா யாருக்கு?"

கூட்டத்துக்கு அப்போதுதான் உறைத்தது. சென்னையின் தென்புறத்தில் அரை கிரவுண்டு வாங்குவதற்காகவே பிறவி எடுத்த மக்கள் அவர்கள். எல்லையில்லாத மண்ணில் எப்படிக் காலை வைப்பது? வேதாசலம் மறுநாளே டேப்புடன் இறங்கினார். எருமை போன இடம் பதினேழு உட்பிரிவானது. எல்லைக் கற்கள் நடப்பட்டன. புலப்படம் வரையப்பட்டு நகல் விநியோகமானது. பன்னிரண்டடிச் சாலை விட்டதில் பாதித் தோட்டம் சாலையாகிவிட்டது. அதனால் என்ன, கத்தரிச்செடிக்குப் போக்குவரத்து வசதி வேண்டாமா? மூலை மனை கிடைத்தவர் நான்கு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருவர் இரும்பு கேட் போட்டார். இன்னொருவர், வெண்டை முளைக்கும் முன்பே, 'இந்த மனை விற்பனைக்கு அல்ல' என்று பலகை நட்டார். பேபி டீச்சர் ஈசானிய மூலை தனக்கு வந்ததன் அருமை தெரியாமல் அங்கே உரக்குழி வெட்டியதால், வாஸ்து தெரிந்த மூன்று பேர் அவருடன் பேசுவதை நிறுத்தினார்கள்.

ஆனால் டீச்சர் சொன்ன பலன்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியதை மறுக்க முடியாது. பக்கத்து மனைக்காரன் கல்லை நகர்த்திவிடுவானோ என்ற கவலையில் வேதாசலம் தினமும் ஐந்து முறை தோட்டத்துக்கு நடந்தார். சும்மா நின்றால் வேவு பார்ப்பது தெரிந்துவிடும் என்பதால் கொத்தினார், களை பறித்தார், குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார். மற்ற பதினாறு பேரும் இதே காரணத்துக்காக இதையே செய்தார்கள். சந்தேகம் அளவுக்கு மனிதனை நடக்க வைக்கிற மருந்து எதுவுமில்லை. செப்டம்பரில் பார்த்தபோது சர்க்கரை நூற்று நாற்பத்தாறுக்கு இறங்கியிருந்தது.

"சூப்பர் அங்கிள்! அப்படி என்ன பண்றீங்க?"

"கார்டனிங்" என்றார் வேதாசலம், அடக்கத்துடன்.

இந்த நிலையில்தான் பீர்க்கங்கொடி எல்லை தாண்டியது. பம்மலில் தோல்பை வியாபாரம் செய்யும் அப்துல் கஃபாரின் உட்பிரிவில் வேர்விட்டிருந்த அந்தக் கொடி, வேதாசலத்தின் கொத்தவரை மேல் இரண்டரை அடி நுழைந்து, அங்கே மூன்று காய்களையும் தொங்கவிட்டிருந்தது. வேர் ஒரு பட்டாவில், காய் இன்னொரு பட்டாவில். முப்பத்து மூன்று வருட சர்வீஸில் பார்க்காத சிக்கல். வேதாசலம் அளந்து, இரண்டு பக்கத்துக்கு நோட்டீஸ் எழுதி, நகல் எடுத்து, கஃபார் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"பாய், இது உங்க கொடியோட ஆக்கிரமிப்பு சம்பந்தமா..."

"சார், நோன்பு வெச்சிகினு கீறேன். நாக்கு வறண்டு போச்சு. சண்டைக்கு சாயந்தரம் மக்ரிப்புக்கு அப்பறம் வாங்க, தெம்பா போடலாம்."

நியாயமான வாய்தா. வேதாசலம் ஆறு மணிக்கே போய்விட்டார். வராந்தாவில் பேரீச்சம்பழத் தட்டின் முன் உட்கார்ந்திருந்த கஃபார், பேச்சுவாக்கில் ஜிப்பாவைத் தூக்கி, முதுகு சொறிவதுபோல வயிற்றில் ஓர் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டார். வேதாசலம் அவசரமாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினோரு வருசம் ஆவுது சார்" என்றார் கஃபார். "இன்னா, நோட்டீஸைப் படிங்க."

அதற்குள் பாங்கு கேட்டது. கஃபாரின் மனைவி ஜெய்னப் ஒரு கிண்ணத்தை வேதாசலத்தின் கையில் வைத்தார். "கறி போடாத கஞ்சிண்ணா. உங்களுக்குன்னே தனியா எடுத்து வெச்சேன். சூடா கீது, பாத்து."

சூடான நோன்புக் கஞ்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆக்கிரமிப்பு நோட்டீஸ் படிப்பது எப்படி என்று எந்தத் துறையும் பயிற்சி கொடுப்பதில்லை. முதல் நாள் வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. மறுநாளும். நான்காவது நாள் அவர் நோட்டீஸை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தார், கிண்ணத்தை மறக்கவில்லை.

அந்தோ, பகை போயிற்று! கண்காணிக்க ஆள் இல்லாததால் நடையும் நின்றது. பீர்க்கங்காய்த் துவையலில் ஆரம்பித்த உறவு பாயசத்துக்கு முன்னேறியது. தொற்றுநோய்போல அது மற்ற உட்பிரிவுகளுக்கும் பரவ, பேபி டீச்சர் உரக்குழிச் சமாதானத்துக்காக வீடுவீடாகக் கேக் கொடுத்தார். பெருநாளன்று ஜெய்னப் கொடுத்த ஷீர் குருமா என்ற சேமியாப் பாயசத்தை வேண்டாமென்று சொல்ல வேதாசலம் மனதார முயன்றார். "ரெண்டு ஸ்பூன் போதும்மா" என்று தொடங்கி இரண்டு கப்பில் முடித்தார். பெருநாள் முடிந்த மூன்றாம் நாள், டாக்டர் கொடுத்த கெடு முடிந்தது.

"இருநூத்தி முப்பத்திரண்டு! நல்லாத்தானே குறைஞ்சுது? கார்டனிங்கை விட்டுட்டீங்களா?"

"இல்லம்மா. அதனோட பலன் முழுசா கிடைச்சிடுச்சு."

மருந்துச் சீட்டில் இன்சுலின் எழுதப்பட்டது. ஃபிரிட்ஜில் முட்டை வைக்கும் குழியில் அந்தச் சின்ன பாட்டில் இரண்டு நாள் இருந்தது. வேதாசலம் ஃபிரிட்ஜையே திறக்கவில்லை; பால் கெட்டுப்போனது. தோட்டத்துக்கும் போகவில்லை. மூன்றாம் நாள் காலை கேட் தட்டப்பட்டது.

"இன்னா சார், ஆளையே காணோம்?"

வேதாசலம் உண்மையைச் சொன்னார். ஐம்பத்தொன்பது வயது மனிதர், இன்னொரு ஆண்பிள்ளையிடம், ஊசிக்குப் பயம் என்று. கஃபார் சிரிக்கவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்தார், பாட்டிலை உள்ளங்கையில் வைத்து உருட்டினார், சீட்டைப் பார்த்து ஊசியில் மருந்தை ஏற்றினார்.

"சட்டையைத் தூக்குங்க. சுவத்தைப் பாருங்க. ஆமா சார், ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். உங்க டிபார்ட்மெண்ட்ல நாற்காலியை விட்டு எந்திரிக்காமலே நெலத்தை அளந்துடுவாங்களாமே?"

"யாருய்யா சொன்னது?" வேதாசலத்துக்கு ரத்தம் தலைக்கேறியது. "எழுபத்தெட்டுல சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் இடுப்பளவு ஏரித் தண்ணியில நின்னு அளவுச் சங்கிலி புடிச்சவன் நான்! கால்ல அட்டை, கையில..."

"போட்டாச்சு சார்."

வேதாசலம் குனிந்து வயிற்றைப் பார்த்தார். பிறகு கஃபாரைப் பார்த்தார். மயக்கம் வருவதாக இருந்தால் வரட்டும் என்று சிறிது நேரம் காத்திருந்தார். வரவில்லை.

கஃபார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அரை மணி கழிச்சுத்தான் நாஷ்டா துன்னணும். அதுவரைக்கும் சொல்லுங்க. ஏரியில எறங்கினீங்களே, அப்பறம் இன்னா ஆச்சு?"

அப்புறம் என்ன ஆயிற்று என்று நான்கு வருடமாக அவரை யாரும் கேட்டதில்லை. வேதாசலம் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்து, ஏரியின் வடகரையிலிருந்து ஆரம்பித்தார்.