பண்டாவின் விகாரையில் நான் எடுத்த பூ

தண்ணீர் தெளித்த அரலியாப் பூவும் தேங்காய் எண்ணெய் விளக்கும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும். கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் கரி. பத்து வயதில் மூக்கில் ஏறிய அந்த வாசனை எழுபதைத் தாண்டியும் இறங்கவில்லை.

முப்பதுகளின் நடுவில், நோட்டன் பிரிட்ஜுக்குக் கீழே ஆற்றோரம் ஒரு சின்ன விகாரை இருந்தது. தேயிலைத் தோட்டத்துக் கூலி வீட்டு வரிசையான எங்கள் லயத்துக்குப் பலாக்காய் கொண்டுவரும் சிங்களவரின் மகன் பண்டா; அவனும் நானும் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த முத்தையாவும் எங்கே போனாலும் ஒன்றாகத்தான் போவோம். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனால் சிங்களம் பேச அந்தத் தோட்டத்தில் நான்தான் முதல் ஆள். பெரிய கங்காணியே ஆள் விட்டு என்னைக் கூப்பிடுவார். அந்த வாயை வைத்துத்தான் பிற்காலத்தில் அட்டனில் இரண்டு கடை போட்டேன் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது.

அந்த வருஷம் அம்மா காய்ச்சலில் படுத்து, பத்து நாளாக விடியற்காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் "பெரட்டு"க்குப் போய்ப் பெயர் கொடுக்கவில்லை. மாரியம்மன் கோயில் விபூதி பூசியும் சூடு இறங்கவில்லை. "பண்டாவோட சாமிகிட்டப் போயி பிரசாதம் கொண்டாறேன், நாளைக்கே எந்திரிச்சிருவம்மா" என்று லயம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டேன். முத்தையாவின் அம்மா அடுப்படியிலிருந்தே, "வெறுங்கைய வீசிக்கிட்டு வருவல்ல, அப்பப் பேசிக்கிறேன்" என்றாள்.

மூவரும் காலையிலேயே நடந்து, வழியில் பறித்த பூவைப் புத்தருக்கு முன்னால் இருந்த பலகையில் வைத்துக் கும்பிட்டோம். பிறகு நானும் முத்தையாவும் தட்டோடு பூசாரி வருவார் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றோம். யாரும் வரவில்லை. நம் வழக்கத்தில் சாமிக்கு வைத்த பூ நம் கைக்குத் திரும்பி வரவேண்டும். வராவிட்டால் கோயிலுக்குப் போனதாகவே ஆகாது. ஆகவே நானே பலகையிலிருந்து ஒரு பூவை எடுத்து, கண்ணில் ஒற்றி, மடியில் செருகினேன்.

பண்டாவின் முகம் வெளிறிவிட்டது. "அடேய், அது குடுத்த பூ. எடுக்க வாணாம்" என்றான் அவனுடைய தமிழில்.

"எங்க சாமி திருப்பிக் குடுக்கும்டா. ஒங்க சாமி எல்லாத்தையும் வச்சுக்குமா?" என்றான் முத்தையா.

சத்தம் கேட்டு "ஆமதுரு" வந்துவிட்டார், வயதான பிக்கு. பூவைப் பறிகொடுத்தால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்ற நினைப்பில் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே, காய்ச்சல் கதை முழுவதையும் சிங்களத்தில் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பூவைப் பலகையில் திரும்ப வைக்கச் சொல்லிவிட்டு, விசிறியால் முற்றத்து மரத்தைக் காட்டினார். "கொடுத்தது கொடுத்ததுதான், மகனே. மரம் தானாக உதிர்த்தது கீழே கிடக்கிறது. அதில் நல்லதாகப் பார்த்து அம்மாவுக்கு எடுத்துப் போ."

வாடாத பூவாக ஐந்து பொறுக்கிப் போனேன். அம்மா வாங்கிப் பார்த்து, "தரையில கெடந்ததா? கழுவுனியாடா?" என்றாள். பிறகு தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் பெரட்டில் அவள் பெயருக்குப் பதில் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொடுத்த கசப்பு மருந்தை யாரும் இடையில் இழுக்க வேண்டாம். என் பூதான் எழுப்பியது.

போன வருஷம் வியாபார நண்பர்கள் நாலு பேரோடு ஜப்பானுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு புத்த கோயிலில் எல்லோரும் கும்பிட்டு முடித்ததும், பக்கத்துக் கடைச் செல்லையா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் புத்தர் முன்னால் இருந்த பூவுக்குக் கையை நீட்டினான். மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அது குடுத்ததுப்பா. எடுக்கக்கூடாது."

"கோயிலுக்குப் போயி என்ன கொண்டாந்தீங்கன்னு வீட்டுல கேப்பாங்களேண்ணே."

வெளியே அழைத்துவந்தேன். மரத்தடி முழுக்கச் சிவப்பு இலை உதிர்ந்து கிடந்தது. நல்லதாக ஒன்றைப் பொறுக்கி அவன் கையில் வைத்தேன்.

ஆற்றில் அணை கட்டியபோது பண்டாவின் விகாரையும் அந்த அரலியா மரமும் தண்ணீருக்குள் போய்விட்டன. கப்பலேறி இந்தியாவுக்குப் போன முத்தையாவிடமிருந்து கடிதம் இல்லை. பண்டாவும் காலமாகிவிட்டான். அந்த இலை மட்டும் செல்லையா வீட்டு மாரியம்மன் படத்துக்குக் கீழே காய்ந்து இருக்கிறது. அங்கே போகும்போதெல்லாம், அதைப் பொறுக்கிக் கொடுத்தது நான்தான் என்று அவன் மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன்.