ரிலே மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ்

மோட்டார் ஓடினால் முதலாளி கெட்டிக்காரர், எரிந்தால் எலக்ட்ரீஷியன் குற்றவாளி என்பது எங்கள் தொழிலில் எழுதி வைக்காத சட்டம். அந்தச் சட்டத்துக்கு நான் கட்டுப்படுவதில்லை. அடுத்தவர் செய்த தப்புக்கு நீங்களும் ஒரு நாளாவது திட்டு வாங்கியிருப்பீர்கள். ஆகவே நாம் ஒரே கட்சி.

டிப்ளமோ முடித்துவிட்டு, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டைச் சுற்றி மோட்டார்களுக்குக் கெப்பாசிட்டர் மாட்டிக்கொண்டிருக்கிறேன். மோட்டாருக்கு இரண்டு விதக் கரண்ட் வேண்டும். ஒன்று உழைக்கும். இன்னொன்று உள்ளே காந்தத்தை உண்டாக்க, லைனுக்கும் மோட்டாருக்கும் நடுவில் போய்வந்துகொண்டே இருக்கும். பக்கத்திலேயே ஒரு கெப்பாசிட்டர் இருந்தால் அந்த இரண்டாவது கரண்டை அது பார்த்துக்கொள்ளும். தெருக்குழாய்க்கு நடையாய் நடக்காமல் வாசலில் ஒரு டிரம் வைத்துக்கொள்வது மாதிரி. லைனில் வரும் கரண்ட் குறையும், மோட்டார் குடிப்பது குறையாது. இதைப் பதினெட்டு வருடமாகச் சொல்கிறேன், காது கொடுத்தவர்கள் கம்மி.

செயலாளரின் மீட்டர்

வெள்ளானூரில் ஒரு புது அடுக்குமாடிக் குடியிருப்பு. ஐ.டி.யில் வேலை பார்க்கும் ஒரு விருதுநகர்த் தம்பிதான் சங்கச் செயலாளர். போர் மோட்டாருக்கு நான் கெப்பாசிட்டர் மாட்டி முடித்ததும், சொந்தமாக வாங்கிய மீட்டரோடு வந்தார். ஒயரைக் கவ்வினால் கரண்டைக் காட்டுமே, அந்த மீட்டர். போருக்குள் இறங்கும் ஒயர் ஒன்றைக் கவ்விப் பார்த்தார். நான் மாட்டுவதற்கு முன் காலையில் காட்டியதையே காட்டியது. "ஒண்ணும் குறையலையே மேடம்" என்றார், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த முகத்துடன்.

எனக்குக் கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன். மீட்டரை வாங்கி, கெப்பாசிட்டர் வந்து சேரும் இடத்துக்கு முன்னால், லைன் பக்கம் கவ்வினேன். நன்றாகவே குறைந்திருந்தது. மோட்டார் பக்கம் கவ்வினால் பழைய அளவு, லைன் பக்கம் கவ்வினால் குறைவு. நாலு தடவை அவர் கையாலேயே பார்க்க வைத்தேன். கடைசியில் கேட்டார்: "அப்ப நீங்க வந்துட்டுப் போனதே மோட்டாருக்குத் தெரியாதா மேடம்?"

பொட்டு ஒன்றுதான் பாக்கி

தெரியாது. அதில்தான் எல்லா வம்பும்.

மண்ணூர்பேட்டையில் செல்வராஜ் என்பவரின் லேத் பட்டறை. அங்கே கம்ப்ரஸரை ஓட்டும் ஐந்து எச்.பி. மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் மாட்டினேன். அந்த மோட்டாருக்கு ஒரு காவல்காரன் உண்டு, பெயர் ஓவர்லோட் ரிலே. அளவுக்கு மேல் கரண்ட் போனால் மோட்டாரை நிறுத்திவிடும். ஆனால் அது உட்கார்ந்திருப்பது லைன் பக்கம். கெப்பாசிட்டர் வந்த பிறகு அதன் கண்ணில் படுவது குறைந்த கரண்ட் மட்டும்தான். ஏழரை ஆம்பியர் வரை தாங்கும் மோட்டார் எட்டரை குடித்துத் திணறினாலும் ரிலே ஏழரைக்குள்தான் பார்க்கும். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று நினைத்துச் சும்மா இருக்கும். அதனால் ஏழரையில் இருந்த ரிலேயை ஆறரைக்கு இறக்கினேன்.

இறக்கியதும் திருகின் மேல் ஒரு சொட்டு சிவப்பு நெயில் பாலிஷ் வைப்பது என் வழக்கம். யாராவது கை வைத்தால் விரிசல் காட்டிக் கொடுத்துவிடும். பட்டறையில் மெயின்டனன்ஸ் பார்க்கும் கன்னியப்பன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். "இன்னாக்கா, ரிலேக்கு நெயில் பாலிஷ் போடுற? அப்டியே ஒரு பொட்டையும் வெச்சுட்டீன்னா மாப்ள பார்த்துடலாம்" என்றார்.

பதினோரு மணி டீ

இரண்டு மாதத்தில் அந்த மோட்டார் எரிந்தது. செல்வராஜ் எனக்கு ஒரு போன்கூடப் போடவில்லை. பதினோரு மணிக்குப் பட்டறைக்காரர்கள் எல்லாரும் கூடும் டீக்கடையில் நின்று, நான் மாட்டிய கெப்பாசிட்டர்தான் மோட்டாரை எரித்தது என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறார். அந்த வாரம் என்னை வரச் சொல்லியிருந்த இரண்டு பேர் "இப்ப வேணாம் மேடம், அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். எங்கள் தொழிலில் போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. பெயர் ஒன்றுதான் சோறு போடுகிறது. அதில் மண் விழுந்துவிட்டது.

தெரிந்த கான்ட்ராக்டர் ஒருவர், எரிந்த மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டும் செலவை ஏற்றுக்கொண்டு பேசாமல் ஒதுங்கிவிடச் சொன்னார். செய்யாத தப்புக்கு நானே கையெழுத்துப் போட வேண்டுமாம். மாட்டேன் என்றேன். செல்வராஜுக்கு நானே போன் செய்தேன். "காயில் கட்டி வரட்டும். திரும்ப மாட்டும்போது நான் அங்க நிப்பேன். அதுவரைக்கும் ரிலேயை யாரும் தொடக்கூடாது." அவர் சிரித்துக்கொண்டே சொன்ன பதில்: "பொம்பள கை பட்ட மிஷின் தாங்காதுன்னு என் மச்சான் அப்பவே சொன்னாரு மேடம்."

விரிசல்

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் பொய். ஆத்திரத்தில் நன்றாகத் தூங்கினேன்.

மோட்டார் திரும்பி வந்த அன்று போய், எல்லார் முன்னாலும், ரிலே இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியைத் திறந்தேன். சிவப்புச் சொட்டு இரண்டாகப் பிளந்திருந்தது. நான் ஆறரையில் வைத்த முள் ஏழரையில் நின்றது. காயில் கட்டியவர் பழைய பேரிங்கையும் கூடவே அனுப்பியிருந்தார், கையில் வைத்துச் சுற்றினால் கரகரவென்றது. பேரிங் இறுகி மோட்டார் திணறியிருக்கிறது, ரிலே தன் வேலையைச் செய்து நிறுத்தியிருக்கிறது, யாரோ அதன் வாயை அடைத்திருக்கிறார்கள். புது பேரிங்கோடு மோட்டாரை ஓடவிட்டு, மீட்டரைச் செல்வராஜ் கையிலேயே கொடுத்தேன். லைன் பக்கம் ஆறு சொச்சம், மோட்டார் பக்கம் ஏழரை. இரண்டையும் அவரே வாய்விட்டுப் படித்தார்.

படித்து முடித்ததும் கன்னியப்பன் பக்கம் திரும்பி, "நாளையிலேர்ந்து வராத" என்றார். நான் குறுக்கே போனேன். "அவர் கை திருகிச்சு, சரி. சொன்னது யாரு?" என்று கேட்டேன். கன்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ரிலே ட்ரிப் ஆயி நின்னுகினே இருந்துச்சுக்கா. இன்னாவோ பண்ணு, ஆனா மிஷின் நிக்கக் கூடாதுன்னாரு மொதலாளி."

அதே டீக்கடை

"மேடம், ஆபீஸ் ரூம்ல உட்கார்ந்து பேசிக்கலாமே" என்றார் செல்வராஜ், குரலை இறக்கி. டீக்கடையில் போன பெயர் டீக்கடையில்தான் திரும்பி வர வேண்டும் என்றேன். நாளைக்கு என்றார், இன்றைக்கே என்றேன். மணி பதினொன்று ஆகப் பத்து நிமிடம் இருந்தது. பத்து நிமிடமும் நகராமல் நின்றேன்.

போனோம். நடக்கமாட்டாமல் நடந்து வந்தார் மனிதர். கன்னியப்பனும் கூட வந்தார், அவர் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், செல்வராஜ் சொன்னார்: "மேடம் மேல தப்பு இல்லப்பா. ரிலேய நாங்கதான் ஏத்தி வெச்சோம்." பின்னால் இருந்தவருக்குக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். கன்னியப்பன் என் காதருகே வந்து, "அக்கா, அந்தச் சொவப்பு பாட்டில இங்க வுட்டுட்டுப் போயேன், மொதலாளி வாயிலயும் ஒரு சொட்டு வெச்சுடறேன்" என்றார்.

கரண்டோ பழியோ, இரண்டு இடத்தில் அளந்து பார்க்காமல் யார் நீட்டினாலும் வாங்கிக்கொள்ளாதீர்கள், என்னைப் போல மீட்டரையும் நெயில் பாலிஷையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு அலையுங்கள்.