வளராத மாப்பிள்ளை

அந்தச் சிறுநீரக மருத்துவமனையில் அவளை எல்லாரும் மீன்தொட்டிக்காரம்மா என்பார்கள். பதினோரு வருஷம் கடல்மீன் கடையில் வேலை பார்த்தவள். கடையை மூடிய பிறகு, ஸ்கூட்டரில் உப்புத்தண்ணீர் கேன்களைக் கட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாகப் போய்த் தொட்டிகளைப் பராமரித்து வந்தாள்.

டயாலிசிஸ் பிரிவின் காத்திருக்கும் அறையில் தொட்டி வைக்கக் கூப்பிட்டபோது, முதலில் டேப்பை எடுத்து இடத்தை அளந்தாள். தூணுக்கும் கதவுக்கும் நடுவில் இரண்டரை அடி. மேனேஜர் போனில் ஒரு படத்தைக் காட்டினார். நீல உடம்பும் மஞ்சள் வாலுமாக, ப்ளூ டாங் என்கிற கடல்மீன்.

"இது வேண்டாம் சார். கடையில ரெண்டு அங்குலம்தான் இருக்கும், வளந்தா ஒரு அடி. நாள் முழுக்க ஓடிக்கிட்டே இருக்கற மீன். ஆறடித் தொட்டியாவது வேணும். இந்த இடத்துக்கு, பெருசா வளராத கோமாளி மீன் ஒரு ஜோடி விடலாம்."

"எங்க போர்டு நீலம், சோபா நீலம். மீனும் நீலமா இருந்தாத்தாம்மா எடுப்பா இருக்கும். ஆறடிக்கு நான் தூணை இடிக்கவா?"

வீட்டில் சொன்னாள். புருஷன் தச்சுப்பட்டறையில் முதுகு போய்ப் படுத்தவன். "மீனுக்கு ஆறடி கேக்கறியே, நாம எத்தனை அடியில படுத்திருக்கோம்?" என்று சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் இரண்டரை அடித் தொட்டியைக் கொண்டுபோய் வைத்து, மேனேஜர் கேட்ட நீல மீனையே விட்டாள்.

முதல் மீன் மூன்று மாதம் தாங்கியது. இந்தக் கண்ணாடிக்கும் அந்தக் கண்ணாடிக்குமாகத் திரும்பித் திரும்பியே இளைத்தது. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி கண்டு, ஒரு காலையில் பாறைக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது.

"நோயாளிங்க வர்றதுக்குள்ள மாத்திடுங்க. இங்க செத்த மீனை யாரும் பாக்கக் கூடாது" என்றார் மேனேஜர்.

மாற்றினாள். அதுவும் போனது. மறுபடி மாற்றினாள். கை பழகிப்போனது.

வாரம் மூன்று நாள் அங்கே வருகிறவர் ஒரு பஸ் டிரைவர். தொட்டிக்கு எதிர் நாற்காலியில்தான் உட்காருவார். மீனுக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்து, "இன்னிக்கு மாப்பிள்ளை முறுக்கு ஜாஸ்தி" என்பார். ஊசிக்குப் பயந்து அழும் புது ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். "இவரும் நானும் ஒரே மாசத்துல இங்க சேந்தோம். இன்னும் ஓடிக்கிட்டுதானே இருக்கோம்?"

ஒரு வியாழக்கிழமை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டார்.

"ஏம்மா, ரெண்டு வருஷமாப் பாக்கறேன். மாப்பிள்ளை ஏன் வளரவே இல்ல?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. அவர் கையில் புடைத்து நின்ற ஊசித் தழும்புகளைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள்.

"இது அது இல்லண்ணே. இது ஏழாவது."

அவர் தொட்டியையே பார்த்தார். "எதனால?"

"தொட்டி பத்தல."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அளந்த அன்னிக்கே."

"தெரிஞ்சேவா ஒவ்வொண்ணா கொண்டாந்து போட்ட?"

அவள் மறுபடி கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினாள். உள்ளே கூப்பிட்டார்கள், அவர் எழுந்து போனார். அடுத்த முறை வந்தவர் தொட்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். புது ஆட்களிடமும் பேசவில்லை.

அந்த வாரமே ஏழாவதை உயிரோடு பிடித்தாள். தலையோரம் தோல் அரித்துப்போயிருந்தது. அவள் பராமரிக்கும் இன்னொரு ஆபீஸில் எட்டடித் தொட்டி உண்டு. கெஞ்சிக் கேட்டு அதில் விட்டாள். நாலு நாள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது. ஐந்தாம் நாள் செத்தது.

மருத்துவமனைத் தொட்டியில் யாரையும் கேட்காமல் கோமாளி மீன் ஜோடியை விட்டாள். மேனேஜர் ஒரு வாரம் பொறுத்தார். பிறகு, "சொன்னதைச் செய்ய வேற ஆள் கிடைச்சாச்சு" என்று அவளிடமிருந்த அறைச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

கேன்களோடு வெளியே வந்தபோது வாசலில் டிரைவர் நின்றிருந்தார்.

"நாளைக்கு வேற ஆளுண்ணே. திரும்பவும் நீலத்தைத்தான் விடுவாங்க."

"விடட்டும். நான்தான் பாக்கறதில்லையே."

சொல்லிவிட்டு ஒரு கேனைத் தூக்கக் குனிந்தார். "டயாலிசிஸ் ஊசி போடற கையில பாரம் தூக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று உள்ளேயிருந்து நர்ஸ் கத்தினாள். அவர் கையை எடுத்துக்கொண்டார். அவளே இரண்டையும் தூக்கிப்போய் ஸ்கூட்டரில் கட்டினாள்.