ஒளிக்கு எடை இல்லை என்று காட்டிய பதினாறு நாள்

என் வரைபடத்தில் ஒளிக்கு எடை இருந்தது. சிரிக்காதீர்கள். ஒளித்துகளான போட்டானுக்கு நிறை கிடையாது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆறு வருடம் பகுதிநேர ஆய்வு என்று திருத்தங்கலுக்கும் மதுரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே அலைந்து, கடைசியில் நான் கண்டுபிடித்தது அதற்கு நிறை உண்டு என்பதை. என் வழிகாட்டி அந்தத் தாளை மேஜையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். கோடு வளைந்தது வளைந்தபடியே இருந்தது.

அது 2006 ஆகஸ்ட். செப்டம்பரோடு என் பதிவுக் காலம் முடிகிறது. ஏற்கெனவே ஒரு தடவை நீட்டிப்பு வாங்கியாயிற்று, இனிமேல் கிடையாது என்று அலுவலகத்தில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. விருதுநகர் சாலையில் ஒரு கல்லூரியில் அப்போது தற்காலிக விரிவுரையாளராக இருந்தேன். முனைவர் பட்டம் இருந்தால்தான் அந்தத் தற்காலிகம் போகும்.

வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கோபம் விளங்காது. வெட்டவெளியைக் கட்டம் போட்ட நோட்டுத் தாள் மாதிரி புள்ளி புள்ளியாகப் பிரித்துக்கொள்வோம். நீளம், அகலம், உயரத்தோடு காலமும் சேர்ந்து நாலு திசை. பக்கத்துப் புள்ளிகளை இணைக்கும் ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரு கோணம் உட்கார்ந்திருக்கும். கம்ப்யூட்டர் அந்தக் கோணங்களைக் குலுக்கிக் குலுக்கி, இயற்கையில் வரக்கூடிய ஓர் அமைவை உண்டாக்கும். அப்படி நூற்றுக்கணக்கான அமைவுகள் வேண்டும். ஒவ்வொன்றிலும், போட்டான் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளியை எப்படி எட்டுகிறது என்று கணக்கிட்டுச் சராசரி எடுத்தால், அதற்குப் பெயர் புரோபகேட்டர். அதை வரைந்து பார்த்தாலே துகளுக்கு நிறை இருக்கிறதா என்று சொல்லிவிடலாம்: கோடு நேராகப் பூஜ்யத்துக்கு இறங்கினால் இல்லை, வழியில் வளைந்துவிட்டால் உண்டு.

என் ஆய்வின் மெய்யான விஷயம் குளுவான். அணுவின் உட்கருவுக்குள் எல்லாவற்றையும் கட்டிப் போட்டிருக்கிற துகள். அதன் புரோபகேட்டர் தொலைதூரத்தில் எப்படி இருக்கும் என்று அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது, உலகம் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாகத்தை மதுரையில் துறைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டி முடித்திருந்தேன். போட்டான் பாகம் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டிய வெறும் சோதனை. அதற்கு விடை முன்பே தெரியும். தெரிந்த விடையைச் சரியாகக் கொண்டுவந்தால்தான் தெரியாததைச் சொல்லும்போது நம்புவார்கள். அந்தச் சோதனையில்தான் நான் தோற்று உட்கார்ந்திருந்தேன்.

வழிகாட்டிக்குக் காரணம் உடனே பிடிபட்டுவிட்டது. ஒரே அமைவை ஆயிரம் விதமாக எழுதலாம் என்பதால், கணக்கிடும் முன் அதை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும். சிக்குப் பிடித்த தலையை வாருகிற மாதிரிதான். சீப்பு ஒரு சிக்கில் போய் நின்றுகொண்டு, வாரி முடித்தாயிற்று என்று நினைத்துக்கொள்ளும். வேறு பக்கமிருந்து ஆரம்பித்தால் இன்னும் நன்றாகப் படியும். ஆகவே ஒவ்வொரு அமைவையும் பத்து விதமாக வாரிப் பார்த்து, ஆகச் சிறந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். நான் ஒரே ஒரு தடவை வாரியிருந்தேன்.

ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை என்றார். சேமித்து வைத்திருக்கிற அமைவுகளைக் கொண்டுவரச் சொன்னார், இங்கேயே வாரிவிடலாம் என்றார். நான் அவற்றை அழித்துவிட்டதாகச் சொன்னேன். அவருக்கு முதலில் காதில் விழாத மாதிரி இருந்தது.

"எல்லாத்தையுமா?"

எல்லாவற்றையும்தான். ஒவ்வோர் அமைவையும் அளந்து, எண்ணை எழுதிக்கொண்டு, உடனே அழிக்கிற மாதிரி நானேதான் நிரலில் ஒரு வரி எழுதியிருந்தேன். என் வீட்டுக் கம்ப்யூட்டரில் இடம் இல்லையா என்று கேட்டார். இருந்தது. ஹார்ட் டிஸ்க் முக்கால்வாசி காலியாகக் கிடந்தது. பத்துப் பன்னிரண்டு சி.டி.யில் அடங்கியிருக்குமே அம்மா, பிறகு எதற்காக அழித்தீர்கள் என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இந்தத் தொழிலில் யாரும் அமைவுகளை அழிப்பதில்லை. பத்து வருடத்துக்கு முந்தியதைக்கூட நகைபோலப் பூட்டி வைத்திருப்பார்கள்.

பதில் விருதுநகர் தாண்டும்போது பஸ்ஸில் வந்தது, வந்தவுடன் பற்றிக்கொண்டு வந்தது. என் அம்மா ஆமத்தூர் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மணி மருந்து வேலை பார்த்தாள், இருபது வருடமாக. வானத்தில் போய்ப் பூவாகச் சிதறுகிற வெடிக்குள் இருக்கும் கலர் உருண்டைகள்தான் மணி மருந்து. அங்கே கலந்த மருந்தை மிச்சம் வைக்கக் கூடாது. அன்றைக்குக் கலந்தது அன்றைக்கே தீர வேண்டும், தீராததைத் தண்ணீர் விட்டுக் கழித்து, அறையைக் கூட்டிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். மிச்சம் கிடந்தால் தானாகச் சூடேறும். கல்லூரி விடுமுறைகளில் நானும் அம்மாவோடு போயிருக்கிறேன். வீட்டிலும் அப்படித்தான் வளர்ந்தேன், வேலை முடிந்த இடத்தில் ஒன்றும் கிடக்கக் கூடாது. நிரல் எழுதுகிறபோது என் கை யோசிக்கவே இல்லை. வேறு ஊர்க்காரி எவளும் அந்த வரியை எழுதியிருக்க மாட்டாள்.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். கம்பெனியிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தவளிடம் போய், "எல்லாம் உன்னாலதாம்மா" என்று கத்தினேன். அநியாயம்தான். வயது முப்பத்திரண்டு ஆகியும் வாயை அடக்கத் தெரியவில்லை. மூச்சு விடாமல் முழுக் கதையையும் சொல்லித் தீர்த்தேன். நகக்கண்ணில் ஒட்டியிருந்த வெள்ளிப் பொடியைத் தேய்த்தபடியே அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அங்கன வச்சா உசுரு போகும். இங்கன வைக்கலைன்னா என்ன போகும்?"

"ஆறு வருசம் போகும்."

அவள் மறுபடி நகத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

வழிகாட்டி மறுநாள் போனில் ஒரு வழி சொன்னார். புதிதாகவே அமைவுகளை உண்டாக்கி, ஒவ்வொன்றையும் பத்து முறை வார வேண்டும். என் ஒற்றைக் கம்ப்யூட்டரில் அது அடுத்த கோடைவரை ஓடும். ஆனால் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இருபது கம்ப்யூட்டர்கள் இருந்தன. பகலில் பிள்ளைகளுக்கு. மாலை ஐந்திலிருந்து காலைவரை சும்மா கிடப்பவை. இருபதிலும் ஒரே நேரத்தில் ஓட்டினால் பதினைந்து இருபது நாளில் முடியும். எனக்கு உயிர் வந்தது.

வந்த உயிரைக் கல்லூரிச் செயலர் வாங்கினார். அவரும் பட்டாசுக் கம்பெனி முதலாளிதான். சாயங்காலம் ஐந்தரைக்கு ஆய்வகத்தின் மெயினை இறக்கிவிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். நான் மனுவை நீட்டினேன். உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, ரொம்ப மரியாதையாக முடியாது என்றார். ஆள் இல்லாத அறையில் எதுவும் ஓடக் கூடாதாம். கம்ப்யூட்டர் என்ன மருந்தா, வெடிக்கவா போகிறது என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மருந்து இல்லாத எடத்துலயும் தீப்பிடிச்சிருக்கு. நீங்க படிச்சவுக, உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்றார். பிறகு, நான் எழுந்திருக்கும்போது, "ரெண்டு பேரு முழிச்சிருந்தா ஓட்டிக்கிடுங்க. ஒத்தை ஆளா இருக்கக் கூடாது."

துறையில் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கு மாமியார், ஒருவருக்கு முதுகுவலி, இன்னொருவர் அத்தனை பாடுபட்டுத் தெரிந்த விடையைத்தானே கண்டுபிடிக்கப் போகிறீர்கள் என்றார். அவரை அங்கேயே நாலு வாங்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து புலம்பியபோது அம்மா தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்துவிட்டு, "முழிச்சிருக்கணும், அம்புட்டுத்தான?" என்று கேட்டாள்.

அப்படித்தான் அந்தப் பதினாறு நாளும் போனது. ஐந்து மணிக்கு நான் இருபதையும் தட்டிவிடுவேன். அம்மா கம்பெனி உடுப்பான பருத்திச் சேலையோடு கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவாள். காலையில் வகுப்பு எடுக்க வேண்டுமே என்று நான் மேஜையில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவேன். அவளையும் தூங்கச் சொன்னேன். முழித்திருக்கிறோம் என்று அந்த ஐயாவிடம் சொல்லித்தானே வந்தோம் என்று மறுத்துவிட்டாள். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து, வரிசையாக ஒவ்வொரு பெட்டியின் பின்னாலும் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பாள். ஒரு தடவை என்னை உலுக்கி எழுப்பி, ஓரத்துப் பெட்டி கொதிக்கிறது என்றாள். விசிறி நின்று போயிருந்தது. நான் நிறுத்தியிராவிட்டால் செயலர் சொன்னது பலித்திருக்கும். விடிந்ததும் அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, கம்பெனி வேன் வந்துவிடும் என்று சொல்லிக் கிளம்புவாள். நான் எண்களைப் பதிந்துகொண்டிருப்பேன், நிமிர்ந்து பார்த்ததாக ஞாபகம் இல்லை.

எரிச்சலுக்குக் குறைவே இல்லை. இரண்டு தடவை கரண்ட் போய், ஜெனரேட்டர் மக்கர் செய்து, பாதி ஓட்டம் பாழாயிற்று. ஒரு மாணவன் நாலு கம்ப்யூட்டரில் விளையாட்டை ஏற்றி வைத்திருந்தான். நான் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். அம்மா கொண்டுவந்த சோற்றில் உப்பு கூடிவிட்டது என்று அதற்கும் ஒரு கத்து.

பதினேழாம் நாள் காலையில் எல்லா எண்ணையும் ஒன்றுசேர்த்து வரைந்தேன். கோடு நேராக இறங்கிப் பூஜ்யத்தில் போய் உட்கார்ந்தது. எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை. அம்மா பக்கத்தில் வந்து திரையைப் பார்த்தாள்.

"இப்ப அதுக்கு எடை இல்லையாக்கும்?"

இல்லை என்றேன்.

"இது மொதல்லயே தெரிஞ்சதுன்னுதான சொன்ன?"

எத்தனையோ பேர் அதற்குப் பிறகு என்னிடம் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இதற்கு மட்டும் இன்றுவரை அவளுக்குப் புரிகிற மாதிரி பதில் சொல்ல முடிந்ததில்லை.

செப்டம்பர் முடிய நாலு நாள் இருக்கையில் ஆய்வேட்டைக் கொடுத்தேன். மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டில் கிடந்தேன். ஏழரை மணிக்குத் தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்து கிடக்கிற நேரம், ஞாயிற்றுக்கிழமைகூட ஆளைக் கூப்பிடுவார்கள். அம்மா உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. வேன் போய்விட்டது. உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டேன். நல்லாத்தான் இருக்கேன் என்றாள்.

துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னாள். தூங்காதவள் மருந்தில் கை வைக்கக் கூடாது. அவள் கை நடுங்கினால் அறையில் உள்ள மற்ற மூன்று பேர் உயிருக்கும் சேர்த்துத்தான் ஆபத்து. அதனால் முதல் நாளே போர்மேனிடம் போய், இன்ன மாதிரி, மகளுக்கு வேலை இருக்கிறது, முடியும்வரை வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். சீசன் நேரத்தில் இடத்தைக் காலியாக வைக்க முடியாது என்று அவர் அங்கே வேறொருத்தியை உட்கார வைத்துவிட்டார். என் கணக்கு ஓடி முடிந்ததும் இவள் திரும்பப் போய்க் கேட்டதற்கு, தீபாவளி கழித்து வா, பார்க்கலாம் என்றாராம். இருபது வருடமாக அவள் உட்கார்ந்த இடம். பதினாறு நாளும் காலையில் அந்த வேனில் ஏறாமல், நடந்து வீட்டுக்கு வந்து தூங்கியிருக்கிறாள். எனக்கு அது தெரியாது. அதற்குப் பிறகு ஆய்வேடு எழுதிய நாட்களில் அவள் வீட்டிலேயே இருந்ததையும் நான் கவனிக்கவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன, நான் என்ன மூன்றாம் மனுஷியா என்று கத்தினேன். அவள் வெங்காயத்தோலைக் கையால் கூட்டி அள்ளினாள்.

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பியா, தாயி?"

குத்திக் காட்டுகிற குரல் இல்லை அது. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நிறுத்தியிருக்க மாட்டேன். அள்ளிய தோலோடு அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.