நான் மெடிக்கைத் தேர்ந்தெடுத்த காரணம்

மலேசியாவில், ரவாங்கில் பிஸ்கட் பொட்டலமிடும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. கோலா சிலாங்கூரிலிருந்து தினமும் தொழிற்சாலை பஸ்ஸில் போய் வருவேன். எங்கள் பிரிவின் சூப்பர்வைசரை எல்லாரும் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார்கள். நேரில் நானும் அப்படித்தான். அவனால் ஓர் எச்சரிக்கைக் கடிதம் என் கைக்கு வந்த நாளிலிருந்து மனத்துக்குள் 'அவன்' ஆகிவிட்டான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

ஒரு நாள் காலாவதித் தேதி தப்பாக அச்சாகி வந்தது. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"அண்ணே, தேதி தப்பு. மெஷின நிறுத்தணும்."

"லோரி வெளிய நிக்குது லா. நீ சைன் பண்ணு, நான் பாத்துக்கிறேன்."

பண்ணினேன். இரண்டு வாரம் கழித்துச் சரக்கு முழுதும் திரும்பி வந்தது. மேனேஜர் முன்னால், பன்னிரண்டு பேர் இருந்த அறையில், அவன் என்னைக் காட்டினான். "அவங்கதான் சைன் பண்ணிருக்காங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. எஸ்டேட்லேர்ந்து வந்த புள்ளைங்கள நம்பி இந்த வேலையக் குடுத்தா இப்படித்தான்."

அவன் அப்பாவும் ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவர்தான். அதை அங்கே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எச்சரிக்கைக் கடிதம் தந்து என்னைப் பெட்டி ஒட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். அன்று பஸ்ஸில் நகத்தால் உள்ளங்கையைக் கீறிக்கொண்டே வந்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். கேண்டினில் அவன் அடுத்த மேசையில் உட்கார்ந்து ஒரு ஆன்லைன் விளையாட்டைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தான். தீவு ஒன்றில் பல குழுக்கள் இறங்கிச் சுட்டுக்கொள்ளும். கடைசிவரை உயிரோடு இருக்கும் குழு வெல்லும். "எங்க டீம்ல மெடிக் மட்டும் இல்ல லா. எல்லாப் பயலும் சுடத்தான் வரான், காப்பாத்த ஒருத்தன் வர்றதில்ல." விளையாட்டில் தன் பெயர் என்ன என்பதையும் சத்தமாகச் சொன்னான்.

அதே விளையாட்டை நான் இரண்டு வருடமாக ஆடி வந்தேன். அது அவனுக்குத் தெரியாது.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் புதுக் கணக்கு தொடங்கினேன். திரையில் நான்கு உருவங்கள் நின்றன: முன்னால் பாய்ந்து சுடுபவன், தூரத்திலிருந்து குறிபார்க்கும் ஸ்னைப்பர், தடுப்பு கட்டும் எஞ்சினியர், முதுகில் மருந்துப் பையோடு மெடிக். நான் எப்போதும் ஸ்னைப்பர். எதிர்க்குழுவில் சேர்ந்து அவன் நெற்றியில் ஒரு குண்டு வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அது ஒரு நொடியில் முடிந்துவிடும். யார் சுட்டது என்றுகூட யோசிக்காமல் அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுவான். அந்த விளையாட்டில் அடிபட்டு விழுந்தவனை மெடிக் மட்டும்தான் எழுப்ப முடியும். எழுப்ப ஆள் வராவிட்டால் தரையில் ஊர்ந்துகொண்டே கிடக்க வேண்டும், உயிர்க்கோடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அவன் அப்படிக் கிடப்பதை நான் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. மெடிக்கை அழுத்தினேன்.

அவன் குழு உடனே என்னைச் சேர்த்துக்கொண்டது. அவனைத் தவிர இன்னும் இரண்டு பேர்: எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பாசிர் பெனம்பாங்கிலிருந்து மீன் லோரி ஓட்டும் ஒருவர், அவருடைய மச்சான். மைக் கெட்டுவிட்டது என்று எழுதிப் போட்டேன். என்னை ஆண்பிள்ளை என்றே நினைத்தார்கள். ஞாயிறு மாலைகளில் ஆடினோம். ஆறு வாரம் அவனை விழ விழ எழுப்பினேன், ஒரு தடவைகூடத் தவறாமல்.

"தேங்க்ஸ் தம்பி, நீ இல்லன்னா நான் காலி லா" என்பான். வேலையிடத்தில் யாருக்கும் அவன் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு ஞாயிறு, ஆட்டம் தொடங்கக் காத்திருந்தபோது, "ஸ்கூல்ல என்னய எந்த டீம்லயும் சேக்க மாட்டாங்க. இதான் என் மொத டீம்" என்றான். விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். புதன்கிழமை பெட்டி ஒட்டும் பகுதிப் பக்கம் வந்தவன், புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் என்னைக் காட்டி, "இவங்கள மாதிரி கண்ண மூடிக்கிட்டு சைன் பண்ணாத" என்று சிரித்தான். அதோடு யோசனை முடிந்தது.

ரவாங்கில் ஒரு கணினிக் கடைக்காரர் நடத்திய ஆன்லைன் போட்டியில் கடைசிச் சுற்றுவரை வந்துவிட்டோம். எதிரில் இரண்டு பேர்தான் பாக்கி. அவன் முன்னால் பாய்ந்து அடிபட்டு விழுந்தான். நான் சுவருக்குப் பின்னால், நாலு எட்டு தூரத்தில் நின்றேன்.

"மெடிக்! தம்பி, வா லா!"

நகரவில்லை.

"தம்பி, அண்ணன எழுப்பு, நான் கவர் பண்றேன்" என்று லோரிக்காரர் வெளியே வந்து சுட்டார். அவரும் விழுந்தார். பிறகு மச்சான்.

அவன் ஊர்ந்து ஊர்ந்து என் காலடிக்கே வந்துவிட்டான். உயிர்க்கோடு நூலாகிவிட்டது. "டேய், ஏன்டா நிக்கிற?" என்று கத்தினான். குரல் உடைந்திருந்தது. அப்போதுதான் முதல்முறையாக மைக்கைத் திறந்தேன்.

"தேதி தப்புன்னு நான் சொன்னேன்லண்ணே. ஒரு வார்த்தை சொல்லலன்னு பன்னெண்டு பேர் முன்னால எப்படி சொன்னீங்க?"

கோடு தீர்ந்தது. இத்தனை இனிப்பான ஒன்றை நான் அதற்குமுன் ருசித்ததில்லை.

திங்கட்கிழமை என் மேசைக்கு வந்தான். "வெளையாட்டு வேற, வேல வேற" என்றான், குரலைத் தாழ்த்தி.

"வேலைல நீங்க வெளையாடுனீங்க. வெளையாட்டுல நான் வேலையப் பாத்தேன்" என்றேன்.

புகார் கொடுக்க அவனிடம் எதுவும் இல்லை. மச்சானுடைய சிநேகிதன் எங்கள் பொட்டலப் பிரிவில் இருந்ததால் கதை இரண்டே நாளில் பரவியது. அவன் நடந்து போனால் பின்னாலிருந்து யாராவது "மெடிக்!" என்று முனகுவார்கள். மாதம் முடிவதற்குள் வேறு ஷிஃப்டுக்கு மாற்றல் கேட்டுப் போனான். என் பழைய வேலை எனக்குத் திரும்பவில்லை. கடிதம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. ஆனாலும் அவன் குனிந்த தலையோடு போவதைப் பார்த்த ஒவ்வொரு நாளும் எனக்கு நல்ல பசி எடுத்தது.

லோரிக்காரர் மட்டும் ஒரு செய்தி அனுப்பினார். "ஒங்களுக்கும் அவனுக்கும் ஆயிரம் இருக்கலாம். நானும் என் மச்சானும் ஒங்களுக்கு என்ன செஞ்சோம்? ஆறு வாரமா தம்பி தம்பின்னு கூப்ட்டோமே."

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். படித்துவிட்டார், பதில் போடவில்லை. மீன் லோரி ஏதாவது எங்கள் பஸ்ஸைத் தாண்டிப் போனால் நான் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.